வாசலில் வைத்த சீர்

எண்பத்தைந்தாம் வருஷம், அந்தக் கோடையில் தில்லியில் பஸ் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை குனிந்தார்கள். சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு உட்காருங்கள் என்று பஸ்ஸுக்குள்ளேயே இந்தியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கம்பி, இடுப்பில் செருகிய முந்தானை என்று நானும் தினம் குனிந்தேன். குனிந்து எதைத் தேடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கடலைத் தோலும் பீடித் துண்டும் கிடக்கும். அவ்வளவுதான் என்றால் நிம்மதியாக உட்காருவோம்.

டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் குண்டை வைத்து பஸ்ஸிலும் தெருவோரத்திலும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று ஆசையாக எடுத்துத் திருகிப் பார்த்தவர்கள்தான் செத்தார்கள். பணக்காரன் எவனும் பஸ்ஸில் கிடக்கிற ரேடியோவைத் தொடப்போவதில்லை. வைத்தவனுக்கு நம் ஜனங்களின் மனசு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான்.

நாங்கள் அப்போது லோதி ரோடு பக்கத்தில் அரசாங்க குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். என் கணவர் ஒரு அமைச்சகத்தில் உதவியாளர். நான் சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் ஸ்டெனோ. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. வருஷத்தில் பாதி பனி, மீதி மழை என்று அங்கிருந்து வந்தவர்களே அலுத்துக்கொள்ளும் சின்ன நாடு. என் மேலதிகாரி, அந்த நாட்டுக்காரர், ஒல்லியாக, விளக்குக் கம்பம் மாதிரி இருப்பார். தில்லி வெயிலில் சைக்கிளில் ஆபீஸ் வருவார். எங்கள் பக்கத்துக் குமாஸ்தாக்கள் விதியே என்று மிதித்த சைக்கிளை அவர் வேண்டுமென்றே மிதித்தார். முகம் சிவந்து வந்து இறங்கும்போது காவலாளிகள் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிச் சிரிப்பார்கள்.

குண்டு வெடித்த மறுவாரம் அவருடைய தலைநகரத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. சில நாடுகளில் அடிக்கடி இப்படி நடக்கிறது, சில நாடுகளில் நடப்பதே இல்லை. நம் நாட்டில் ஏன் நடக்கவில்லை? நீங்கள் இருக்கும் நாட்டைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளலாம்? எழுதி அனுப்புங்கள் என்று. அவர் அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார், நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். எங்கள் நாடு சின்னது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். வேலை இல்லாதவனுக்கும் அரசாங்கம் சாப்பாடு போடுகிறது. எல்லையில் பழைய பகை ஏதும் இல்லை. கோபம் வந்தவன் பத்திரிகையில் எழுதலாம், தேர்தலில் நிற்கலாம். போலீஸ் நன்றாகப் படித்த போலீஸ்.

மறுநாள் காலையில் வந்து அத்தனையையும் வெட்டிவிடச் சொல்வார். நேர்மையான மனுஷன், அதனால் வந்த தொல்லை. பணக்கார நாடுகளிலும்தான் குண்டு வெடிக்கிறது, பரம ஏழை நாடுகள் சிலவற்றில் ஒன்றுமே நடப்பதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி இருக்கும் நாட்டில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்கிறான். வாயைத் திறந்தால் ஜெயில் என்கிற நாட்டில் அமைதியாக இருக்கிறது. இல்லை, நடப்பது வெளியே தெரிவதில்லையோ? ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு நாடு குறுக்கே வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் சமையல் குறிப்பு கேட்டால் உப்பு போதுமான அளவு, புளி தேவையான அளவு என்பார்கள், உங்கள் அறிக்கையும் அப்படித்தான் இருக்கிறது என்று நான் ஒரு நாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தில்லித் தமிழர்களில் யாராவது மெட்ராஸுக்கு ரயில் ஏறுகிறார் என்றால் அது அவர் ஒருவரின் பயணம் இல்லை. ஒரு வாரம் முன்பே காலனி முழுக்கத் தெரிந்துவிடும். பொட்டலங்கள் வரத் தொடங்கும். பேரனுக்கு ஸ்வெட்டர், தங்கைக்குப் புடவை, மருந்து, ஜாதகம், ஊறுகாய் ஜாடி. தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் கிடையாது. ஸ்டேஷனுக்கே வந்து, தமிழ் முகமாகப் பார்த்து ஜன்னல் வழியாகக் கையில் திணித்துவிட்டு, சென்ட்ரலில் என் மச்சான் வந்து வாங்கிக்கொள்வான் என்பார்கள். வாங்கிக்கொள்ளவும் செய்வார்கள். வீடு பூட்டியிருந்தால் கதவுப் பிடியில் தொங்கவிட்டு, விலாசம் எழுதிய சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது அசிங்கம். இருபது வருஷத்தில் நாங்கள் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

அந்த மே மாதம் என் கணவர் மெட்ராஸ், விழுப்புரம் வழியாகத் தெற்கே அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பவேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளி லீவுக்கு முன்பே பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள், எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஜுக்கிக் குடிசைகளில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சின்னசேலம் பக்கத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் காண்டிராக்டரிடம் வெள்ளையடிக்கும் வேலை பார்த்தார். நாற்பது வயது இருக்கும். எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தபோது என் பிள்ளைகள் அரைகுறைத் தமிழில் சண்டை போட்டதைக் கேட்டு, ஏணியிலிருந்து இறங்கி வந்து எந்த ஊர் என்று விசாரித்தார். அதிலிருந்து பழக்கம். எங்கள் வீட்டில் அவரைச் சுண்ணாம்புக்காரர் என்றுதான் சொல்வோம். தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். அப்படி ஒரு சுத்தம், அப்படி ஒரு ரோஷம்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஊரில் அவர் அக்கா மகள் பெரிய பெண்ணாகிவிட்டாளாம். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். காண்டிராக்டர் விடமாட்டேன் என்கிறான், இப்போது போனால் வேலை போய்விடும். அதனால் சீரை மட்டுமாவது எங்கள் வீட்டுக்காரர் கையில் அனுப்பலாமா, விழுப்புரத்தில் ஊர்க்காரர் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்றார். தாய்மாமன் தட்டு இல்லாமல் சடங்கு நடந்தால் அக்காவுக்கு அந்தக் குடும்பத்தில் தலை நிமிர முடியாது என்பதை இரண்டு மூன்று விதமாகச் சொன்னார். என் கணவர் சிரித்துக்கொண்டே, “நாங்க இல்லாட்டாலும் வாசல்ல வெச்சிட்டுப் போங்க, எடுத்துக்கிடுதேன்” என்றார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தைதான் அது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் எங்கள் பிளாக்குக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. போலீஸ் ஜீப். மண் மூட்டைகள். எங்கள் படிக்கட்டிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஜனங்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, பிழைத்தாய் பஹன்ஜி, பிழைத்தாய் சகோதரி என்று அழுதாள். போலீஸுக்குப் போன் செய்தது அவள்தான். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பூட்டிய வீட்டு வாசலில் மஞ்சள் துணி மூட்டை, முடிச்சு மேல் முடிச்சாக நூல், ஓரத்திலிருந்து சிவப்பாக ஏதோ தூள் கொட்டியிருக்கிறது, மேலே ஏரியல் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாதத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறவள் பைத்தியமாகத்தான் இருக்க வேண்டும்.

தண்ணீரை ஊற்றி, நீளக் கம்பியால் இழுத்து, பிரித்தும் விட்டார்கள். ஒரு சாக்கில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு பழைய டிரான்சிஸ்டர், துடைத்துப் பளபளப்பாக. விரலி மஞ்சள். குங்குமம். கண்ணாடி வளையல்கள். ஒரு ரவிக்கைத் துணி. ரேடியோவுக்குள் பாட்டரிகூட இல்லை. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. சுண்ணாம்புக்காரருக்கு எழுதத் தெரியாது, அதனால் சீட்டு இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்குள் என் கணவரும் வந்துவிட்டார். அரசாங்க வேலைக்காரர், போலீஸ் என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். ஆனாலும் அன்றைக்கு முன்னால் போய், இதை வாசலில் வைக்கச் சொன்னது நான்தான் என்றார். போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாமலே ரயிலில் எடுத்துப் போயிருப்பீர்களா? ஆமாம். இதுபோல் இன்னும் எத்தனை பொட்டலம் வீட்டுக்குள் இருக்கிறது? நிறைய இருக்கிறது என்றார் என் கணவர். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ரயிலையே ஒழித்துக்கட்ட உங்களைப் போல ஒருவர் போதும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

குண்டு இல்லையே, பிறகு என்ன என்று கேட்டேன். முதலில் காலி ரேடியோவை வைத்து யார் கவனிக்கிறார்கள் என்று வேவு பார்ப்பார்கள், பிறகுதான் நிஜம் வரும் என்றார்.

அந்த நேரத்தில்தான் சுண்ணாம்புக்காரர் வந்தார். வேலை முடிந்து, காலெல்லாம் சுண்ணாம்புக் கறையோடு, தலையில் துண்டோடு, பொட்டலம் கிடைத்ததா என்று கேட்டுப்போக வந்தவர். சாக்கில் பரப்பியிருந்த சீரைப் பார்த்ததும் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டார். வளையல் இரண்டு மூன்று உடைந்திருந்தன. “யாருங்க பிரிச்சது? என்னுதுங்க இது” என்றார். போலீஸ்காரர்களுக்குத் தமிழ் புரியாததால், கட்டட வேலையில் கற்ற இந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி, மேரா ஹை சாப், மைனே ரக்கா என்றார். நான்தான் வைத்தேன் என்று. அந்த ஊரில் அந்தக் கோடையில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

நான் கத்தினேன். இவரை எனக்குத் தெரியும், எத்தனையோ வருஷமாகத் தெரியும் என்றேன். அதிகாரி நோட்டைத் திறந்து, சரி, இவர் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊர்? சின்னசேலம் பக்கம். பக்கம் என்றால்? தெரியவில்லை. இங்கே எந்த ஜுக்கி? நாலாவுக்கு அந்தப் பக்கம். அவருடைய பெயரே எனக்குப் பாதிதான் தெரிந்தது. அதிகாரி நோட்டை மூடினார். ஜீப்பில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கவலைப்படாதீர்கள், சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்கிற மாதிரி. அவருக்கு அப்போதும் நடந்தது பிடிபடவில்லை. எங்களுக்குப் பிடிபட்டிருந்தது.

அன்றைக்கு, போலீஸ்காரர்கள் உள்ளே வந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போன பிறகு, என் கணவர் மற்றவர்கள் கொடுத்த பொட்டலங்களை எல்லாம் கூடத்தில் வைத்துப் பிரித்தார். ஒவ்வொன்றாக, கதவைச் சாத்திக்கொண்டு. மருந்துப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஸ்வெட்டரை உதறினார். ஊறுகாய் ஜாடிக்குள் கரண்டிக் காம்பை விட்டுத் துழாவினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பக் கட்டினேன். யார் பொட்டலத்திலும் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு சரி, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருடைய பொட்டலத்தையும் வாங்கவில்லை. காலையில் அவர் ரயிலேறிப் போய்விட்டார். போகாமல் இருக்க முடியாது, கல்யாணம்.

சுண்ணாம்புக்காரரின் மனைவி விடிந்ததும் வந்தாள். நான் லீவு சொல்லிவிட்டு அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்கு டீ கொடுத்தார்கள், அவளுக்குக் கொடுக்கவில்லை. என் டீயை அவளிடம் நீட்டினேன், வேண்டாம் என்றாள். “கண்ட எடத்துல எச்சிகூட துப்பமாட்டாரும்மா, அவரைப் போயி” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். விசாரணை நடக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்றார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சத்தமா, வேறு யாருடையதோ, சொல்ல முடியாது. அவள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகம் என் தோலில் இறங்கியது.

மறுநாள் ஆபீஸில், நேற்று ஏன் வரவில்லை என்று என் அதிகாரி கேட்டார். சொன்னேன். முதலில் வருத்தப்பட்டார். தூதரகம் இதில் தலையிட முடியாது, அது உங்கள் நாட்டின் உள்விவகாரம் என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. பிறகு விவரம் கேட்கத் தொடங்கினார். மஞ்சள் எதற்கு, சீர் என்றால் என்ன, தாய்மாமன் ஏன். கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, இதை எழுதாதீர்கள் என்று மேஜையைத் தட்டிவிட்டேன். வேலை போயிருந்தாலும் கவலையில்லை அந்த நிமிஷம். அவர் பேனாவை மூடினார். எங்கள் நாட்டிலும் போலீஸ் தப்பான ஆளைப் பிடிப்பதுண்டு என்றார். ஆனால் விடும்போது, நாங்கள் செய்தது தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதை அந்த ஆள் விரும்பினால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம் என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, ஏதோ ரேஷன் கடை நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஐந்தாம் நாள் சுண்ணாம்புக்காரரை விட்டார்கள். அவரைக் கூட்டிவரப் போனபோது நான் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் அவர் என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. வலது கை வீங்கி, விரல் ஐந்தும் மடங்காமல் இருந்தது. அடித்திருந்தார்கள், நன்றாகவே அடித்திருந்தார்கள். மஞ்சள் துணியில் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். சோதனை போடுவதற்காகப் பிளந்திருந்ததால் அது துண்டு துண்டாக இருந்தது. வளையலைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் அங்கேயே நின்றார், நகரவில்லை. தன்மேல் தப்பு ஒன்றும் இல்லை என்று ஜுக்கிக்கு வந்து ஒரு போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். குழாயடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மேஸ்திரிக்கும் தெரிந்துவிட்டது, அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அது மட்டும் போதும் என்றார். நான் உள்ளே போனேன். ஸ்டேஷன் அதிகாரியிடம், ஆள் வர வேண்டாம், ஒரு வரி எழுதிக் கொடுங்கள், தவறுதலாகப் பிடித்தோம் என்று, நான் படித்துக் காட்டிவிடுகிறேன் என்றேன்.

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். “கேஸே போடவில்லையே பஹன்ஜி. கேஸ் இல்லாதபோது தவறு எங்கிருந்து வரும்?”

அவர் கெட்ட மனுஷர் என்று என்னால் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, பல நாள் தூங்காத முகம். அவர் பங்குக்கு அவரும் ஏதேதோ பார்த்திருப்பார், தெருவில் சிதறிக் கிடந்ததை எல்லாம் பொறுக்கியிருப்பார். ஆளை விட்டுவிட்டோமே, அதைவிட என்ன வேண்டும் என்று அவர் கேட்டதில் ஒரு களைப்பு இருந்தது. கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். தூதரகத்தில் வேலை செய்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

மேஸ்திரி சுண்ணாம்புக்காரரை வேலைக்கு எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்தக் கையால் சுண்ணாம்பு மட்டையைப் பிடித்திருக்க முடியாது. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்களாம். அவர்களும் நம் ஆட்கள்தான், ஒரே தாலுகாக்காரர்கள். யாரையும் நம்ப முடியாத காலம் என்று அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? நானே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் மடியில் பையை வைத்திருந்தால் எழுந்து வேறு இடம் போய்விடுவேன்.

என் கணவர் ஊரிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள் சுண்ணாம்புக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் புது டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், கொடுக்கலாம் என்று. அவர் அதைத் தொடவில்லை. ஊரில் சடங்கு முடிந்துவிட்டது, தாய்மாமன் தட்டு வைக்கிற இடத்தில் வெறும் பலகையைப் போட்டு வைத்திருந்தார்களாம், அக்கா இனி பேச மாட்டாளாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் அப்படியே வைத்தார், கழுவவில்லை.

எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

“பஸ்ஸுல குண்டு வெச்சான் பாருங்க, அவனுக்கு எப்பிடிம்மா மனசு வந்துச்சுன்னு முன்னல்லாம் நெனப்பன். இப்ப நெனக்கறதில்லம்மா.”

“அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றேன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பல்லைக் கடிக்கவில்லை, அழவில்லை. ரொம்ப நாளாகப் புரியாத கணக்கு ஒன்று புரிந்துவிட்டதுபோல அமைதியாகச் சொன்னார். படியிறங்கிப் போகும் சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றேன். பிறகு தாழ்ப்பாளைப் போட்டேன். வாசலில் மூட்டை கிடந்தபோது எனக்கு அவர்மேல் ஒரு துளி சந்தேகம் வந்ததில்லை. இப்போது பயந்தேன். அவரைக் கண்டு, நிஜமாகவே பயந்தேன்.

“கோவத்துல சொல்லுதாரு, மறந்துருவாரு” என்றார், கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர்.

“நீங்களா இருந்தா மறப்பியளா?”

அவர் பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே என் அதிகாரியின் அறிக்கை முடிந்தது. காரணங்கள், விதிவிலக்குகள், மேலும் ஆராயவேண்டியவை என்று பக்கம் பக்கமாக இருந்தது. நல்ல அறிக்கை, நான்தான் டைப் அடித்தேன், எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடும் முன் அவர் நிமிர்ந்து, நீங்கள் இங்கேயே வாழ்கிறவர், இதில் விட்டுப்போனது ஏதாவது உண்டா, அந்த மனிதர் எப்படி இருக்கிறார், ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இந்த முறை பேனாவைத் தொடவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

சொல்ல வாய் திறந்தேன். எந்த நாட்டில் குண்டு குறைவாக வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாத ஆளை அடித்துவிட்டு, அடித்தது தப்பு என்று அவன் குழாயடியில் வந்து சொல்லக் கூச்சப்படாத நாட்டில் ஒருவேளை குறைவாக வெடிக்கலாம். இதற்கும் அவர் ஒரு விதிவிலக்கைக் காட்டியிருப்பார், அது வேறு விஷயம். ஆனால் இதைச் சொன்னால் சுண்ணாம்புக்காரர் சொன்னதையும் சொல்ல வேண்டும். தூதரகத்தில் சொன்ன வாக்கியம் தூதரகத்தோடு நிற்காது. எந்தக் கோப்பில் ஏறி, எந்த அமைச்சகம் வழியாகச் சுற்றி, எந்த ஸ்டேஷனில் போய் இறங்கும் என்று டைப் அடிக்கிற எனக்குத் தெரியும். மறுபடி ஒரு ஜீப் வரும். இந்த முறை அவர்களிடம் காரணம் இருக்கும். நன்றாக இருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது வேறொரு யோசனை வந்தது. நான் காப்பாற்றியது ஒரு அப்பாவியைத்தானா? அந்த வாக்கியத்தைக் கேட்டது இந்த ஊரில் நானும் என் கணவரும் மட்டும்தான். நாளைக்கு ஏதாவது ஆனால், முன்னாலேயே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நானாக இருப்பேன்.

அடுத்த மாதம் நானே நாலாவைத் தாண்டி ஜுக்கிக்குப் போனேன். அவர்கள் இல்லை. தகரத்தைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாள் ஒருத்தி. ஊருக்கு இல்லை, யமுனைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ, வேறு யாரோ வந்து கூட்டிப் போனார்கள் என்றாள் இன்னொருத்தி. யார் அந்த வேறு யாரோ என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பத்தாண்டு முடிகிற வரைக்கும் தில்லியில் எங்கெங்கோ வெடித்தது. ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலை பேப்பர் வந்து விழுந்ததும் என் கணவருக்கு முன்னால் நான் ஓடிப்போய் எடுத்துவிடுவேன். பிடிபட்டவர்களின் பெயரை முதலில் தேடுவேன். சுண்ணாம்புக்காரர் பெயர் அதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான், யார் யார் செத்தார்கள் என்று படிப்பேன்.